டாட்ஜ் சார்ஜர் மாடல் கார் கிட்டை மாற்றித் தரக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோவைப் பக்கம் ஒருவர், ஸ்கேல் மாடல் கார் கிட்டுகளை (பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி நாமே கட்டும் குட்டிக் கார்) பழைய மசில் காராக (பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்கக் கார்) மாற்றித் தருவதாக வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டு ஆள் பிடிக்கிறார். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் வேலை செய்யும் விதம் தெரிந்துவிட்டால், கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் கிட் கட்டும் பிள்ளைகள் யாரும் தங்கள் பெட்டியைத் தூக்கி இப்படிப்பட்ட ஆளிடம் கொடுக்க மாட்டார்கள்.

நான் கொடுத்தது 1/25 அளவு (நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு) 1969 டாட்ஜ் சார்ஜர். ஷார்ஜாவில் இருந்த மாமா ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்த கிட். எனக்கு அதை 1968 சார்ஜராகப் பார்க்க ஆசை. இரண்டுக்கும் உடம்பு ஒன்றுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசங்கள் உண்டு. 68-க்கு முன்பக்கக் கிரில் (காற்று போகும் முகப்பு வலை) இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே ஓட்டமாக இருக்கும். 69-க்கு நடுவில் ஒரு தடுப்பு வந்துவிட்டது. பின்னால் 68-க்கு வட்ட விளக்குகள், பக்கத்துக்கு இரண்டு. 69-க்கு அவை நீளமாகிவிட்டன. அமெரிக்காவில் 1968-இல் ஓர விளக்கு (காரின் பக்கவாட்டில் இருக்கும் சிறு விளக்கு) சட்டப்படி கட்டாயமானது. அந்த வருட சார்ஜரில் அது குட்டி வட்டம், அடுத்த வருடம் செவ்வகம். இந்த மூன்றையும் சுத்தமாகச் செய்தால்தான் அது 68. அவரோ, கிரில்லும் பின் பேனலும் ரெசினில் (அச்சில் ஊற்றி வார்த்த தனிப் பாகமாக) வரவழைத்துப் பொருத்துகிறேன், ஓர விளக்கைப் பட்டி வைத்து அடைத்து வட்டமாகத் தோண்டுகிறேன் என்றார். கூலியும் ரெசினும் சேர்த்து 8,500 ரூபாய். முழுப் பணத்தையும் யுபிஐ-யில் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்.

நடுவில் படம் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: “வேலை நடந்துட்டு இருக்குதுங்க தம்பி, முடிச்சுட்டுக் காட்டறேன்.”

கையில் வந்த கார் சிவப்பில் பளபளவென்று இருந்தது. பானட் திறக்கவில்லை. “பெயிண்ட் காயட்டும் தம்பி, இப்போ திறந்தா உரிஞ்சுரும்” என்றார். காய்ந்து நாளான பிறகும் அசையவில்லை. மெல்லிய பிளேடை ஓரமாக விட்டுப் பார்த்தேன், சுற்றிலும் பசை. திறந்தால் உள்ளே எஞ்சினே இல்லை.

அந்தக் கிட்டில் இருந்தது 426 ஹெமி என்ற எஞ்சின். நிஜத்தில் அது 7 லிட்டர், 425 குதிரைத்திறன், தெருவில் ஓடிய மசில் கார் எஞ்சின்களில் பெரும்பேர் பெற்றது. அகலமான வால்வு கவர்களின் நடுவில் ஸ்பார்க் பிளக் குழிகள் வரிசையாக இருக்கும். அந்தச் சின்ன அளவிலும் அவ்வளவு அழகாக வார்த்திருந்தார்கள். அதைப் பார்க்கத்தானே பானட் திறக்கிற மாதிரி கிட்டே செய்கிறார்கள். எஞ்சின் எங்கே போனது என்று இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை. எனக்குப் பணத்தைவிட இதுதான் ஆறவில்லை.

பிறகு உடம்பை பிரேக் ஆயிலில் ஊறவைத்துப் பெயிண்டை எடுத்தேன். (கையுறை போட்டுத்தான் செய்ய வேண்டும்.) ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வட்ட விளக்குகள் என்று நான் பார்த்தவை அச்சடித்த ஸ்டிக்கர். மேலே கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) அடித்து மறைத்திருக்கிறார். கிரில்லின் நடுத் தடுப்பு அப்படியே இருந்தது, கறுப்புப் பூசியதால் தெரியவில்லை. செவ்வக ஓர விளக்கின் மேல் பட்டியை அப்பி, உப்புத்தாள்கூடச் சரியாகப் போடவில்லை. ரெசின் என்று ஒரு துண்டுகூட இல்லை. பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாமல் நிஜக் காருக்கு அடிக்கும் லாக்கர் பெயிண்டை நேரடியாக அடித்திருக்கிறார். அதிலுள்ள தின்னர் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். கதவு, கூரை முழுக்கப் பல்லியின் தோல் போல நுண்வெடிப்பு. இனி அதைத் தேய்த்துச் சரிசெய்வது பெரும்பாடு.

கேட்டதற்கு, “நீங்க கேரளா, நான் தமிழ்நாடு. எங்க போய்க் கேப்பீங்க?” என்றார். இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எல்லைப்பக்கத்து ஆட்களைக் குறிவைக்கிறார் என்று நினைக்கிறேன். அது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் சொல்லலாம். நான் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்துவிட்டேன். யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பெயிண்ட் எடுத்தபின் பிடித்த படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

யாரிடமாவது இப்படி வேலை கொடுப்பதாக இருந்தால், பெயிண்ட் அடிக்கும் முன் வெறும் பிளாஸ்டிக்கில் படம் கேளுங்கள். வெட்டிய இடம், ரெசின் ஒட்டிய இடம், பட்டி வைத்த இடம் நிறம் மாறித் தெரிய வேண்டும். பெயிண்ட் ஏறிவிட்டால் எல்லாத் திருட்டும் மூடிப்போகும். அந்தப் படம் வராமல் மீதிப் பணம் கொடுக்கவே கூடாது. கொடுக்கும்போதே ஒவ்வொரு பிரேமையும் (பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டம்), குறிப்பாக எஞ்சின் பிரேமை, அவர் முன்னாலேயே படம் எடுத்துவிடுங்கள். அவர் காட்டும் பழைய வேலைப் படங்களை கூகுளில் போட்டுத் தேடுங்கள். எனக்கு அனுப்பியதில் ஒன்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் பல வருடம் முன் கட்டிய கார் என்று பிறகு தெரிந்தது.

ரெசின் நிஜமாகவே வந்தாலும் அளவைப் பாருங்கள். அமெரிக்கக் கிட்டுகள் பெரும்பாலும் 1/25, ஜப்பான் கிட்டுகள் 1/24. சார்ஜரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 117 அங்குலம். 1/25-இல் கிட்டத்தட்ட 119 மில்லிமீட்டர் வரும், 1/24-இல் 124. அந்த 5 மில்லிமீட்டரை எந்தப் பட்டியாலும் மறைக்க முடியாது. வெர்னியர் வைத்து அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். அப்படி நல்ல கைகளும் பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் இருக்கிறார்கள்.

இதே ஆளிடம் கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால் தனியே எழுதுங்கள், என் புகாருக்கு அது பலம் சேர்க்கும். 1/25 அளவில் 426 ஹெமி எஞ்சின் பிரேம் தனியாக யாரிடமாவது சும்மா கிடந்தால் அதையும் சொல்லுங்கள். உரிய விலை தருகிறேன்.