வாட்டர் பேப்பரா, வெறும் பாலிஷா? கறுப்பு பானட்டுக்கு நான் எடுத்த முடிவு

எங்கள் கார் கறுப்பு செடான், வயது ஏழு. சென்னை அடுக்ககத்தில் கூரையில்லாத இடத்தில் நிற்கிறது. போர் தண்ணீரில் கழுவி வெயிலிலேயே காய விட்டதில் பானட் முழுக்க உப்புத் திட்டு. ஒரே வாளி, ஒரே துணி என்று தினமும் துடைத்ததில் சிலந்திவலை போலச் சுற்றுச் சுற்றாய்க் கீறல். மாலை வெயில் சாய்ந்து விழும்போது கறுப்பு கறுப்பாகவே இருக்காது, சாம்பல் பூசியதுபோல் தெரியும்.

வீட்டிலேயே சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் (மிக நைஸான உப்புத்தாள்) தண்ணீர் விட்டுத் தேய்த்து, மேற்பரப்பைச் சமமாக்கி, பிறகு காம்பவுண்டும் (பெயின்டை லேசாக அரைத்தெடுக்கும் பசை) பாலிஷும் போடுவது. இன்னொன்று, பேப்பரால் தேய்க்கும் வேலையே இல்லாமல் டிஏ மெஷினில் (பேட் சுற்றியபடியே தள்ளாடும் பாலிஷ் மெஷின்) காம்பவுண்ட், அப்புறம் பாலிஷ். நான் வண்டி முழுக்க இரண்டாவதைச் செய்தேன். பின் கதவு ஒன்றில் மட்டும் முதலாவது. அதனால் வாட்டர் பேப்பரைப் பற்றி நான் சொல்வது ஒரே ஒரு கதவின் அனுபவம்.

செலவு, நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த வழியில் போனாலும் கடைசியில் மெஷின், பேட், காம்பவுண்ட் வேண்டும். வாட்டர் பேப்பர் மலிவு. ஆனால் பேப்பர் விட்ட கோடுகளைக் காம்பவுண்டால் எடுக்கவே தனியாகப் பாதி நாள் போகும். பளபளப்பில் வாட்டர் பேப்பர்தான் ஒரு படி மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தேய்த்த கதவில் டியூப்லைட்டின் பிம்பம் கோடு போட்டதுபோல் நேராக விழுகிறது. பாலிஷ் மட்டும் போட்ட பானட்டில் அதே பிம்பம் லேசாக நெளியும். கம்பெனி பெயின்டிலேயே இருக்கும் ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம் அது. பாலிஷ் அதைத் தொடாது.

அப்படியிருந்தும் பானட்டில் நான் பேப்பரை வைக்காததற்குக் காரணம் கிளியர் கோட். தகரத்தின் மேல் அடிப்பூச்சுகள், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர். எல்லாம் சேர்த்தே கம்பெனி வண்டியில் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் 35 முதல் 50, அதாவது தலைமுடியின் கனத்தில் பாதிக்குச் சற்று முன்பின். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது அதுதான். தேய்த்து எடுத்தது எடுத்ததுதான். எந்த வேக்ஸும் கோட்டிங்கும் அதைத் திரும்பத் தராது. மெலிந்துபோனால், பழைய வண்டிகளின் கூரையில் பார்க்கிறோமே, வெள்ளையாகத் திட்டுத் திட்டாய் உரிவது, அது சீக்கிரமே வந்துவிடும்.

பெயின்டின் கனத்தை அளக்கும் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி அளந்தேன். பானட்டில் 112, 115 என்று காட்டியது. அந்த மீட்டர் சொல்வது மொத்தக் கனம் மட்டுமே. அதில் கிளியர் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லாது. முன்பு யாராவது ரப்பிங் போட்டிருந்தால் அதுவும் தெரியாது. பிளாஸ்டிக் பம்பரில் மீட்டர் வேலையே செய்யவில்லை. மெஷின் பாலிஷ் ஒரு தடவைக்கு எடுப்பது ஓரிரண்டு மைக்ரான். முடித்த பிறகும் அளவில் மாற்றம் தெரியவில்லை. வாட்டர் பேப்பர் அதைப்போல் சில மடங்கு எடுக்கும், அந்தக் கோடுகளைப் போக்கக் காம்பவுண்ட் இன்னும் கொஞ்சம் எடுக்கும். எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத ஒன்றிலிருந்து அவ்வளவு எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விற்கும்போதும் இதே கணக்குதான். பழைய கார் வாங்குபவர்கள் இப்போது மீட்டரோடு வருகிறார்கள். கிளியர் தாண்டித் தேய்த்துவிட்டால் அந்தப் பாகத்தை முழுசாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். அடித்தால் மீட்டர் 200-ஐத் தாண்டும். உடனே “எங்கே இடிச்சீங்க?” என்று கேட்பார்கள். இடிக்கவே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பின் கதவின் கதை வேறு. ஒரு பைக் உரசி, பட்டி பார்த்து மறுபடி பெயின்ட் அடித்த கதவு அது. அளந்தால் 240. உள்ளே தூசி சிக்கி மணல் மணலாக இருந்தது. இப்படிப்பட்ட இடத்துக்கு வாட்டர் பேப்பரை விட்டால் நல்ல வழி இல்லை. பாலிஷ் எவ்வளவு போட்டாலும் தூசி மேடு போகாது. பேப்பரை ஷாம்பு கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகும் என்பதால் ரப்பர் கட்டையில் சுற்றி, ஒரே திசையில், கை பாரம் இல்லாமல் தேய்த்தேன். விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பெயின்ட் மெல்லிசு, அங்கே மாஸ்கிங் டேப். வழிந்த தண்ணீர் பால்போல் வெள்ளையாக இருந்தால் கிளியர் தேய்கிறது என்று பொருள். வண்டியின் நிறம் கலந்து வந்தால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். (கிளியரே இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு வண்டிகளில் முதலிலிருந்தே நிறம்தான் வரும்.)

டிஏ மெஷினில் இந்தப் பதற்றம் இல்லை. பேட் சுற்றிக்கொண்டே தள்ளாடுவதால் சூடு ஓரிடத்தில் சேராது. அழுத்தம் கூடினால் சுற்றுவது நின்று வெறும் அதிர்வுதான் மிஞ்சும். பேட் பிடிக்கும் தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டலாம். கடைகளில் வைத்திருக்கும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும், ஆனால் பழகாத கையில் விளிம்பைச் சுட்டுவிடும். நான் அதைக் கொஞ்ச நேரம்தான் பிடித்துப் பார்த்தேன். கறுப்பில் வளைய வளையமாய்த் தடம் விழுந்ததும் வைத்துவிட்டேன்.

வேலையை வெயிலுக்கு முன் தொடங்குங்கள். பானட் சுட்டால் காம்பவுண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். முழங்கை முதல் விரல்நுனி வரையான சதுரமாகப் பிரித்து, காம்பவுண்ட் நாலு சொட்டு வைத்து, மெதுவாக நாலைந்து தடவை. முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை மறைத்திருந்த கீறல் அப்போதுதான் வெளியே வரும்.

எனக்குச் சிலந்திவலை ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. உப்புத் திட்டில் பாதி போனது. ஆழமாக அரித்த சில வளையங்கள் பானட்டின் நடுவில் இன்னும் இருக்கின்றன. நகத்தால் வருடினால் மாட்டும் கீறல் மூன்றும் அப்படியே இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.