ஸ்பிட்ஃபயரின் தடுமாற்றம்: நூல் பிடிப்பதா, கணினியில் பார்ப்பதா, பட்டையை மாற்றுவதா?

ஆடி மாதத்தில் நாங்குநேரியைத் தாண்டித் தெற்கே வண்டி ஓட்டியவர்களுக்கு, காவல்கிணற்றுக்கு அப்பால் காற்று என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, பாரம் குறைந்த காரைப் பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளும். நல்ல நிலையில் இருக்கும் கார் ஸ்டியரிங்கில் ஒரு சிறு திருத்தத்தோடு அதைத் தாங்கிக்கொள்ளும். ஏறத்தாழ முக்கால் டன் எடையே உள்ள என் மைத்துனரின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1969ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முழுத் தடத்தையும் தனக்கென்று கேட்டது. இது முதல் குறை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்குப் போகும் மலைச்சாலையில், வளைவின் நடுவே வேகம் அதிகமென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் வெளியே விலகப் பார்த்தது. இது இரண்டாவது குறை.

இரண்டுக்கும் சேர்த்து எங்களுக்கு மூன்று யோசனைகள் வந்தன: புறவழிச்சாலைக் கடை ஒன்றில் கணினி வீல் அலைன்மென்ட் செய்வது, வீட்டு முற்றத்திலேயே நூல் கட்டி அளந்து சரிசெய்வது, பின்பக்கப் பட்டையை, அதாவது பின்சக்கரங்களைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கை, மாற்றுவது. மூன்றையும் ஒரே தராசில் வைத்ததுதான் நாங்கள் முதலில் செய்த பிழை. முதல் இரண்டும் நேர்சாலைத் தடுமாற்றத்துக்கான போட்டி வைத்தியங்கள், மூன்றாவதோ முற்றிலும் வேறான நோய்க்கு உரியது.

கணினிக் கடைக்கே முதலில் போனோம். ஸ்பிட்ஃபயர் என்ற பெயர் அங்கிருந்த பட்டியலில் இல்லாததால், கடைக்காரர் ஏதோ ஒரு சிறிய காரின் அளவுகளைத் தேர்ந்தெடுத்து, ஸ்டியரிங்கை முன்சக்கரங்களோடு இணைக்கும் டை ராடுகளைத் திருகி, திரையில் எல்லாம் பச்சையாக வந்ததும் தாளை அச்சிட்டுக் கொடுத்தார். திரும்பி வரும் வழியிலேயே தடுமாற்றம் முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. கருவியைக் குறை சொல்வதற்கில்லை. சுழலும்போது சக்கரம் ஆடும் ஓட்டக்கோணலைக் கழிப்பதற்காக அங்கே ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றினார்கள். ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரங்கள், நடுமூட்டிலிருந்து மேலும் கீழும் ஆடும் ஊசல் அச்சில் தொங்குபவை என்பதால், தூக்கியவுடன் அவை கீழ்ப்புறம் உள்ளே மடங்கிக்கொள்ளும். இறக்கிய பிறகும் டயர் தரையைப் பற்றிக்கொண்டு அதே நிலையில் நிற்கும். வண்டியை நாலைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால்தான் சக்கரம் தன் உண்மையான நிலைக்கு வரும். யாரும் உருட்டவில்லை, அதனால் பின்பக்க அளவுகள் அனைத்தும் வீணாயின. போதாக்குறைக்கு, இந்தக் காருக்கான அளவுகள் இருக்கை ஒவ்வொன்றிலும் 150 பவுண்டு, அதாவது சுமார் 68 கிலோ, பாரம் ஏற்றிய நிலைக்கு உரியவை. காலி வண்டியில் எடுத்த கேம்பர் கணக்கை (சக்கரம் மேற்புறம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) அவற்றோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

அதற்கும் முன்னதாகச் செய்திருக்க வேண்டிய ஒன்றைப் பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு மூத்த மெக்கானிக்தான் கண்டுபிடித்தார். ஸ்பிட்ஃபயரின் முன்பக்க அமைப்பு பெரும்பாலும் ட்ரையம்ஃப் ஹெரால்டிலிருந்து வந்தது. அந்த ஹெரால்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையிலேயே உற்பத்தியாகி நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய கார் என்பதால், அவருக்கு அது கைப்பழக்கம். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, கீழ் ட்ரன்னியன் என்ற மூட்டின் திருகைக் கழற்றிப் பார்த்தார். “அண்ணாச்சி, இதுக்குள்ள எண்ணெய்தான் ஊத்தணும். யாரோ கிரீஸை அடிச்சி வச்சிருக்காவ, அது காஞ்சி வழியே அடைஞ்சி போச்சி” என்றார். பித்தளை நிறத்தில் இருக்கும் அந்த உலோகக் கட்டைக்குள், சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் மரை சுழல்கிறது. அதற்கு உரியது கியர் பெட்டிக்கு ஊற்றும் 90 எண் எண்ணெய். கிரீஸ் கட்டியாகிவிட்டால் அடியில் நீர் தேங்கி, மரை துருப்பிடித்து, ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டியில் இடப்பக்க மரையில் துரு ஆரம்பித்திருந்தது. ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தன, ஸ்டியரிங்கின் பல்தண்டான ராக்கைச் சட்டத்தோடு பிடிக்கும் ரப்பர் துண்டுகள் எண்ணெய் ஊறிக் களியாகியிருந்தன. ராக்கே அரை அங்குலம் இப்படியும் அப்படியும் நகரும்போது டோ-இன்னை (முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவை) எவ்வளவு நுட்பமாக வைத்து என்ன பயன்? எனவே அலைன்மென்ட் எந்த முறையில் செய்வதானாலும் ஆட்டத்தை நீக்கிய பிறகே செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பன்னிரண்டு வயதான டயர்களையும் அப்போதே மாற்றினோம். இன்றைய ஆல்ட்டோ கே10க்கு வரும் 145/80 ஆர்13 அளவு இந்தக் காருக்கும் பொருந்துவதால் அதற்கு அலையவில்லை.

பிறகு நூல் முறைக்கு வந்தோம். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலைக் கொண்டு முற்றத்தில் நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களைப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் பழைய தரை ஓடுகளை அடுக்கி மட்டமாக்கினோம். இருக்கைகளில் இரண்டிரண்டாக 25 கிலோ அம்பை 16 அரிசி மூட்டைகளும், மிச்சத்துக்கு மணல் பையும் ஏறின. வண்டியின் இரு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் நைலான் நூலைக் கட்டி, விளிம்பின் முன்னும் பின்னும் எஃகு அளவுகோலால் அளந்தோம். இங்கே புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. இந்தக் காரின் முன்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 49 அங்குலம், பின்சக்கரங்களுக்கு இடையில் 48 அங்குலம். ஆகவே நூலைச் சக்கரங்களை ஒட்டி இழுத்துக் கட்டினால் அது கோணலாகவே நிற்கும். ஒவ்வொரு பக்கமும் பின் சக்கர மையத்திலிருந்து நூல் அரை அங்குலம் கூடுதலாக விலகியிருக்குமாறு கட்டினால்தான் அது வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாகும்.

துல்லியத்தில் நூல் கணினிக்குத் தோற்றுவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். 13 அங்குலச் சக்கரத்தின் விளிம்பில் அரை மில்லிமீட்டர் பிழை விட்டால் அது ஏறத்தாழ 5 நிமிடக் கோணம், அதாவது ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பொறுமையாக இருமுறை அளப்பவருக்கு இந்தக் காரின் தேவைக்கு அது போதும். முன்பக்கம் மொத்தமாக ஒன்றரை மில்லிமீட்டர் உள்நோக்கி வைத்தோம். உண்மையான ஆச்சரியம் பின்பக்கத்தில் கிடைத்தது. வலப் பின்சக்கரம் 4 மில்லிமீட்டர் வெளிநோக்கித் திரும்பியிருந்தது, ஆகவே வண்டி இவ்வளவு காலமும் நண்டைப் போலச் சற்றுச் சாய்ந்தே ஓடியிருக்கிறது. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர இணைப்புத் தண்டின் முன்தாங்கியில் இருக்கும் மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ இதைச் சரிசெய்ய முடியும். அப்படி ஒரு வசதி இருப்பதையே கணினிக் கடையில் யாரும் கவனிக்கவில்லை.

நூலால் முடியாத ஒன்று கேஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். சக்கரத்தை இடமும் வலமும் ஒரே அளவு திருப்பி, கேம்பர் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும். அதற்குத் திருப்பு மேடையும் கோணமானியும் தேவை. காற்றில் வண்டி நேராக நிற்பதற்குக் கேஸ்டரே முக்கியம் என்பதால், வேலையெல்லாம் முடிந்த பின் மறுபடியும் ஒரு கணினிக் கடைக்குப் போய், அரிசி மூட்டைகளோடு வண்டியை நிறுத்தி, எதையும் திருக வேண்டாம், அளந்து தாளை மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினோம். கடைப் பையன்கள் மூட்டைகளைப் பார்த்துச் சிரித்தார்கள். என் தீர்ப்பு இதுதான்: திருத்துவதற்கு நூல், சோதிப்பதற்குக் கணினி. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், பட்டியலில் தன் கார் இல்லாதவர் நூலையே எடுக்கட்டும்.

இனி மலைவளைவுக் குறை. குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை இரு பின்சக்கரங்களையும் தாங்குகிற அமைப்பில், வளைவில் காலை எடுத்ததும் வண்டியின் பின்பக்கம் மேலெழுந்து, வெளிச்சக்கரம் அடியில் மடங்கி, பிடிப்பை இழக்கிறது. மைத்துனர் முந்தைய ஆண்டு, தொய்ந்த பட்டையை லாரிப் பட்டை அடிக்கும் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி வாங்கியிருந்தார். வண்டி கம்பீரமாக உயர்ந்து நின்றது, ஆனால் இந்த அமைப்பில் உயரமே நோய். தொய்ந்த பட்டையில் சக்கரங்கள் மேற்புறம் உள்ளே சாய்ந்து நிற்பதால் கிழவி நிதானமாகவே ஓடியிருக்கிறாள், நிமிர்த்திவிட்டதும் துள்ள ஆரம்பித்தாள்.

மாற்றுகளில் மலிவானது, பட்டைக்கும் அதன் அடியிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலுக்கும் நடுவே கட்டை வைத்துத் தாழ்த்துவது. கேம்பர் சரியாகும், ஆனால் நம் ஊர் வேகத்தடைகளில் சைலன்சர் உரசும். இரண்டு சக்கரங்களையும் அடியில் இணைத்து மடங்கவிடாமல் பிடிக்கும் கேம்பர் ஈடுகட்டும் பட்டையை அடித்துக் கொடுக்க ஆள் கிடைத்தாலும், அதுவும் அடியில்தான் தொங்கும். ட்ரையம்ஃபே 1970இல் மார்க் 4 வரும்போது தேர்ந்தெடுத்த வழி வேறு. பட்டையின் தகடுகளில் ஒன்றை மட்டும் இறுகப் பிடித்து, மற்றவை நடுவில் ஊசலாடும்படி விட்டார்கள். இதனால் வண்டி சாயும்போது பின்பக்கப் பட்டை எதிர்ப்பது வெகுவாகக் குறைந்து, பின்பக்கம் மேலெழும் வேகமும் அடங்கியது. அந்த இழப்பை முன்பக்கத்தில் வண்டி சாய்வதைத் தடுக்கும் தடித்த ஆன்டி ரோல் பார் ஈடுசெய்தது. ஊசல் பட்டையை மட்டும் போட்டுவிட்டு முன் பாரை மாற்றாமல் விடுவது, பாதி மருந்தைக் குடிப்பதைப் போன்றது. விலை கூடியதென்றாலும் நான் இதையே சொன்னேன், மைத்துனர் இரண்டையும் சேர்த்தே இங்கிலாந்திலிருந்து வரவழைக்க எழுதியிருக்கிறார்.

முப்பந்தலைக் கடந்த வாரம் 80இல் கடந்தோம், தடத்துக்குள்ளேயே நின்றது. கணினித் தாளில் இடப்பக்கக் கேஸ்டர் வலத்தைவிட அரை டிகிரி குறைவாகக் காட்டுகிறது. கீழ்க் கைகளின் தாங்கிகளில் முன்னும் பின்னும் தகடு மாற்றி அதைச் சரிசெய்ய வேண்டும். பட்டை வந்து சேரும்வரை செங்கோட்டை மலைச்சாலையில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை விடாமல் ஓட்டுகிறார்.