மயிலாடி அம்மி: ஆறு மாதம் அரைத்த பிறகு

மிக்சி அரைப்பில் வைத்த சாளை மீன் குழம்பில் "ருசியே இல்ல" என்று மாமி முணுமுணுத்ததால்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல் வேலைக்குப் பேர்போன மயிலாடிக்குப் போனேன். ஒன்றரை அடி அம்மியும் குழவியும் 2,400 ரூபாய். பேரம் பேசி 200 குறைத்தேன். கல் கொத்துகிற அண்ணன் உளியின் பின்பக்கத்தால் தட்டிக் காட்டினார். "கணீர்னு கேக்குதா மக்களே? கீறல் இருந்தா சத்தம் செத்துப் போவும்."

சுசீந்திரம் கோயில் வேலைக்கு வந்த சிற்பிகள் தங்கிய ஊர் என்பார்கள். 1806இல் ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து இறங்கியதும், 1809இல் அவருடைய கிறிஸ்தவ ஆலயம் எழுந்ததும் இங்கேதான். பட்டறையில் பாதி செதுக்கிய பிள்ளையார், பக்கத்திலேயே கல்லறைச் சிலுவை. இப்போது உளிச் சத்தத்தைவிட மெஷின் இரைச்சலும் வெள்ளைத் தூசியும்தான் அதிகம். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு போங்கள்.

குறை உண்டு. "நேரே அரைக்கலாம்" என்றார்கள். முதல் துவையலே நறநற. தவிட்டையும் பச்சரிசியையும் மாறிமாறி நாலு நாள் அரைத்துக் கொட்டிய பிறகே மணல் நின்றது. குழவி என் கைக்குக் கொஞ்சம் பருமன். ஆட்டோவுக்குத் தனியாக 350. இப்போது தேங்காய் வெண்ணெய் மாதிரி வழிகிறது. மாமி இன்னும் பாராட்டவில்லை. சோறு மட்டும் ரெண்டாம் தடவை போட்டுக்கொள்கிறார்.