மோனாஷ் ஃபாட்மேப் செயலி: கோஷர் சமையலறையில் எடுபடுமா?

ஐ.பி.எஸ். என்கிற குடல் தொல்லைக்கு உணவியலாளர்கள் அடிக்கடி பரிந்துரைப்பது லோ-ஃபாட்மேப் உணவுமுறை. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் போய் நொதித்து, வாயுவையும் உப்புசத்தையும் கிளப்பும் சில சர்க்கரை வகைகளைக் குறைப்பதுதான் இதன் சாரம். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் தன் ஆய்வகத்தில் உணவுகளைச் சோதித்த அளவுகளை 2012 முதல் செயலியாகத் தருகிறது. அதை யூதர்களின் கோஷர் சமையலறையில் வைத்துப் பார்ப்பதே இந்த மதிப்புரை. யூத மத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேராதிருக்க இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம் உள்ள, கோஷர் முத்திரை இல்லாத பாக்கெட் உள்ளே நுழையாத சமையலறை அது.

வாங்கலாம். ஆனால் வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை சப்பாத் என்கிற யூதர்களின் ஓய்வு நாள். கடைப்பிடிப்பவர்கள் கைபேசியைத் தொடமாட்டார்கள், மின்தராசும் கிடையாது. வாரத்தின் மிகப் பெரிய சாப்பாடு வருவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே வேண்டிய அளவுகளை வெள்ளி மதியமே ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட வேண்டும். எடை போட வேண்டியதையும் அப்போதே போட்டு, ஆளுக்கொரு கிண்ணமாகப் பிரித்து வைப்பது உத்தமம்.

செயலியின் பலம் அளவுதான். ஒரே பொருள் சிறு அளவில் பச்சை விளக்கு, கூடினால் மஞ்சள், இன்னும் கூடினால் சிவப்பு. டின் கொண்டைக்கடலை, நீரை வடித்துக் கழுவியது, கால் கப் (42 கிராம்) வரை பச்சை. டின் நீரில் ஊறும்போது அதன் சர்க்கரையில் ஒரு பங்கு நீருக்குள் இறங்கிவிடுகிறது. வீட்டில் ஊறவைத்து வேகவைத்த கடலைக்கு இந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சோலண்ட் சமைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெள்ளியன்று அடுப்பேறி மறுநாள் மதியம் வரை சூட்டிலேயே இருக்கும் அந்தக் குழம்பின் வழக்கமான சரக்கு பீன்ஸ், பார்லி, வெங்காயம். மூன்றுமே குடலுக்கு எதிரி. நாலு பேருக்கு அரை கிலோ மாட்டிறைச்சி, நாலு உருளைக்கிழங்கு, இரண்டு கேரட், கால் கப் பழுப்பரிசி, கழுவிய டின் கொண்டைக்கடலை ஒரு கப் என்று மாற்றினால் சோலண்ட் சோலண்டாகவே இருக்கும். அரிசியைக் கூட்டினால் மறுநாள் கரண்டி நிற்கும் களிதான் கிடைக்கும்.

செயலி ஒவ்வொரு பொருளையும் தனியாகவே அளக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே வேளையில் நாலைந்து பச்சைகளை வரம்பு வரை சாப்பிட்டால் எல்லாம் சேர்ந்து வயிற்றைக் கலக்கலாம்.

வெங்காயம், பூண்டு விஷயத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். கோழி சூப்பில் முழு வெங்காயத்தைப் போட்டுக் கடைசியில் எடுத்துவிட்டால் போதும் என்ற நினைப்பு தவறு. அதிலுள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரை வகை நீரில் கரையும். வெங்காயம் வெளியே வந்தாலும் தொல்லை சூப்பிலேயே தங்கிவிடும். எண்ணெயில் ஃப்ரக்டான் கரையாது. எனவே பூண்டின் மணம் வேண்டுமென்றால் ஆறு பல்லை இரண்டாக நறுக்கி, 250 மில்லி ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில் எட்டு பத்து நிமிடம், பொன்னிறம் தட்டும் வரை வைத்து, வடிகட்டி எடுக்க வேண்டும். ஒரு துண்டு கூட உள்ளே தங்கக் கூடாது. வெளியில் வைத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயைத் தரும் கிருமி வளர இடமுண்டு. குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

கோஷரில் இதற்கு இன்னொரு முடிச்சு: பூண்டு காரமான பொருள், கத்தியின் சுவையை இழுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. இறைச்சிக் கத்தியால் நறுக்கினால் அதுவும் இறைச்சிக் கணக்கில் சேர்ந்துவிடும்; அந்த எண்ணெயைப் பால் உணவில் ஊற்ற முடியாது. பார்வே என்கிற, இறைச்சியும் பாலும் படாத பொதுக் கத்தியும் பொதுச் சட்டியும் எடுத்தால் ஒரே பாட்டில் இரண்டு பக்கத்துக்கும் ஆகும்.

சூப்புக்கு வெங்காயத்துக்குப் பதில் லீக்கின் பச்சைத் தழை, கேரட், பார்ஸ்னிப், வோக்கோசு, டில். ஒன்றரைக் கிலோ கோழிக்கு மூன்று லிட்டர் தண்ணீர். தளதளவென்று கொதிக்க விடாமல் இரண்டரை மணி நேரம். கோஷர் கோழி ஏற்கெனவே உப்பில் கிடந்து வருவது. உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்தே போட வேண்டும். பாக்கெட் சூப் பொடி பக்கமே போகாதீர்கள், பெரும்பாலானவற்றில் வெங்காயப் பொடி இருக்கும்.

பெருங்காயம் நமக்குத் தெரிந்த மாற்று. யூதர்களுக்கும் அது புதிதல்ல. சப்பாத்தில் அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கலாகாது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே பேசுகிறது. ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். புளித்த தானியத்தை விலக்கும் பெசாக் பண்டிகையில் அது வீட்டிலேயே இருக்கக் கூடாது. மற்ற நாளிலும் முத்திரை பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முத்திரையைச் செயலி காட்டாது, செயலி சொல்வதை முத்திரை சொல்லாது. பார்வே என்றிருந்தால் பால் பொருள் சேர்க்கவில்லை என்று லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை பக்கம் நிம்மதியாக இருக்கலாம். ஓயூ-டி என்ற முத்திரை இருந்தால் பால் சேர்ந்தது என்றோ, பால் இயந்திரத்தில் செய்தது என்றோ பொருள். சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் தள்ளிவிட வேண்டாம். பாலுக்குப் பதில் சோயா பால் ஊற்றிய பார்வே இனிப்பில் ஏமாறுகிறவர்கள் உண்டு: முழு சோயா பருப்பில் எடுத்த பால் சிவப்பு, சோயா புரதத்தில் செய்தது பச்சை. நாள்பட்ட கெட்டிச் சீஸில் லாக்டோஸ் மிகக் குறைவு, வயிற்றுக்கு நல்லது. ஆனால் ஆறு மாதம் பழுத்த சீஸ் தின்றால் இறைச்சிக்கு முன் காத்திருக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மாலை இறைச்சி விருந்து இருந்தால் அதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கியபின் ஒவ்வொரு வகையாகத் திருப்பிச் சேர்த்துச் சோதிக்கும் கட்டத்தில், செயலியின் நாட்குறிப்பு நன்றாகவே உதவுகிறது. லாக்டோஸ் சோதனையை ஞாயிறு தொடங்கி மூன்று நாள் வையுங்கள். வியாழனில் தொடங்கினால் வெள்ளி இரவு இறைச்சி விருந்து குறுக்கே வரும், சனியன்று எதையும் பதிவு செய்யவும் முடியாது.

பெசாக்தான் செயலி அறவே கைவிடும் இடம். கோதுமைக்கு மாற்றாக அது தாராளமாகக் காட்டும் அரிசியும் சோளமும் அஷ்கெனாசி என்கிற ஐரோப்பிய வழி யூதர்களின் வழக்கப்படி அந்தப் பண்டிகை முழுவதும் விலக்கு. மிஞ்சுவது உருளைக்கிழங்கு மாவு, பெசாக் முத்திரையுள்ள கினோவா, முட்டை. மட்ஸா என்கிற புளிக்காத ரொட்டியை உண்ண வேண்டிய கட்டாயத்துக்கு ஓட்ஸ் மட்ஸா கிடைக்கிறது. விலை கூடுதல், கடைகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.