நிலாவைப் பிடிக்க எது? போன் ஹோல்டர், டி-ரிங், குட்டி வீடியோ கேமரா

உங்களிடம் இருப்பது கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியன் டெலஸ்கோப் என்றால், நிலாவைப் படமெடுக்க என்று கேமராவை அதில் நேராக மாட்டும் டி-ரிங் என்ற வளையத்தை அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். 130 மில்லிமீட்டர் விட்டம், 650 மில்லிமீட்டர் குவியத்தூரம், ஆரம்பக்காரர்கள் வாங்கும் சாதாரண டெலஸ்கோப். பினாங்கின் பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் அதை வைத்து, டிஎஸ்எல்ஆரை மாட்டி, ஃபோகசரை உள்ளே உள்ளே என்று திருகிக்கொண்டே போனால், அது முட்டி நின்ற பிறகும் நிலா மங்கலாக ஆப்பம் மாதிரிதான் தெரிந்தது. கேமரா கெட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

கேமராவில் குறை எதுவும் இல்லை. டி-ரிங் முறையில் சென்சார் அந்த ரிங்கின் முகப்பிலிருந்து 55 மில்லிமீட்டர் பின்னால் இருக்கும். கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்த நியூட்டோனியன்கள் பலவற்றில் பிம்பம் அவ்வளவு தூரம் வெளியே வந்து விழாது. விற்ற கடையில் இதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. முன்னால் லென்ஸ் உள்ள சின்ன ரிஃப்ராக்டர் டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லையே கிடையாது, மாட்டினால் போதும்.

சரி, போனை ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், பொருத்தும் போன் ஹோல்டர். நூறு மலேசிய வெள்ளிக்குள் கிடைத்துவிடும், கண்ணில் தெரிவது அப்படியே போனுக்கு வருவதால் ஃபோகஸ் எட்டுமா எட்டாதா என்ற கேள்வியே எழாது. ஆனால் மாட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். மூன்று நான்கு லென்ஸ் உள்ள போனில் எந்த லென்ஸ் ஐபீஸுக்கு நேராக நிற்கிறது என்று தேடவேண்டும், சில போன்கள் பக்கத்தில் எதையாவது கண்டால் தானாகவே மேக்ரோவுக்குத் தாவிவிடும், அதை முதலில் அணைத்துவிட்டு 1x லென்ஸில் நிற்க வையுங்கள். போன் கவரைக் கழற்றிவிடுங்கள். முதலில் 25 மில்லி ஐபீஸில் நிலாவைக் கொண்டுவந்து, அப்புறம் 10 மில்லிக்கு மாறினால் 65 மடங்கு பெரிதாகும், படத்தின் அகலத்தில் ஏறக்குறையப் பாதியை நிலா நிறைக்கும். திரையில் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, நிலாவின் பள்ளங்கள் தெரியும்வரை கீழே இறக்குங்கள். இதைச் செய்யாமல்தான் முக்கால்வாசிப் பேர் வெள்ளைத் தட்டை எடுத்துவிட்டு டெலஸ்கோப்பைத் திட்டுகிறார்கள். மூன்று விநாடி டைமர் கட்டாயம், விரல் பட்டாலே எல்லாம் ஆடும்.

என் டி-ரிங் வீணாகவில்லை. மேல்முனையில் டி-ரிங்கைத் திருகும் டி-மரை உள்ள, பிம்பத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கும் 2x பார்லோ லென்ஸ் ஒன்றை வாங்கி நடுவில் போட்டதும் பிம்பம் வெளியே தள்ளப்பட்டு ஃபோகஸ் கிடைத்தது. இன்னொரு லாபமும் உண்டு. குவியத்தூரத்தை 110ஆல் வகுத்தால் சென்சாரில் நிலா எவ்வளவு பெரிதாக விழும் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். என்னுடையதில் வெறுமனே 6 மில்லிமீட்டர், பார்லோவோடு 12. சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 15 மில்லிமீட்டர்தான் என்பதால் நிலா அளவெடுத்த மாதிரி உட்காரும். பௌர்ணமிக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100இல் 1/125 விநாடியில் தொடங்குங்கள். அஷ்டமிக்கு அதைப்போல் நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே ஐஎஸ்ஓவை 400 ஆக்கிவிடுங்கள். கேமராத் திரையில் பார்க்கும் லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி நிலாவின் ஓரத்தில் ஃபோகஸ் பாருங்கள், கேமராவுக்குள் கண்ணாடி மேலே அடிக்கும் அதிர்வும் அதில் இருக்காது. குறை என்றால் எடைதான். அரைக்கிலோவுக்கு மேல் தொங்கும் கேமராவை மலிவான ஃபோகசர் தாங்காமல் தலையைச் சாய்க்கும். நிலாவைப் பின்தொடர மோட்டார் தேவையா என்று கேட்பார்கள், இவ்வளவு குறுகிய நேரத்துக்குத் தேவையே இல்லை.

இவ்வளவும் செய்து படத்தின் தரம் போனைவிட எவ்வளவு மேல்? நிழல்களின் நுணுக்கத்தில் கண்டிப்பாக மேல். குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, என் அக்காவுக்குப் போனில் எடுத்ததுதான் பிடித்தது.

டெலஸ்கோப்பில் செருகி லேப்டாப்போடு இணைக்கும் குட்டி யுஎஸ்பி வீடியோ கேமரா வேறு மாதிரி ஆசைக்கானது. ஆரம்பநிலை கேமரா ஒன்றின் சென்சார் 4.8 × 3.6 மில்லிமீட்டர், அதில் 6 மில்லிமீட்டர் நிலாவே முழுதாக விழாது, துண்டு துண்டாக எடுத்து ஒட்டவேண்டும். ஷார்ப்கேப் என்ற மென்பொருளில் ஆயிரம் இரண்டாயிரம் ஃபிரேம் பதிந்து, ஆட்டோஸ்டாக்கெர்ட்டில் நல்லதை மட்டும் பொறுக்கி அடுக்கி, ரெஜிஸ்டாக்ஸில் கூர்மையாக்கினால், நவமி தசமியில் 93 கிலோமீட்டர் அகலக் கோப்பர்நிக்கஸ் பள்ளத்தின் படிக்கட்டுச் சுவர்கள் வரை தெரியும். ஆனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, கொசுவோடு உட்கார்ந்து, அப்புறம் மறுநாள் கணினியில் பாதி நாள். முதல் வருடத்துக்கு இது வேண்டாம் என்பேன்.

எதை மாட்டினாலும் பினாங்கில் ஒரு சிக்கல் உண்டு. வளர்பிறை அஷ்டமி நிலா சூரியன் மறையும்போதே, அதாவது ஏழரை வாக்கில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடவலமாகவும் மேல்கீழாகவும் திரும்பும் ஸ்டாண்டில் அந்த இடத்தைப் பிடிப்பது பெரும்பாடு, ரிஃப்ராக்டர் என்றால் கேமரா முக்காலியின் காலில் இடிக்கும். ஒன்பதரைவரை காத்திருந்தால் நிலா மேற்கே இறங்கி, கைக்கு வசதியான உயரத்துக்கு வந்துவிடும். அந்த இரண்டு மணி நேரமும் டெலஸ்கோப்பும் கேமராவும் வெளியிலேயே இருக்கட்டும், ஏர்கான் அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்து, துடைக்கத் துடைக்க மறுபடி படியும்.