லாங்கேயா, கியாந்தியா? கையில் ஒரு வாரம்தான் என்றால்

பரோலோ ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்தால் லேபிளில் பெரும்பாலும் ஓர் ஆளின் பெயர் இருக்கும். சிலவற்றில் அப்பா பெயரோடு "மகன்கள்" என்றும் சேர்த்திருப்பார்கள். கியாந்தி கிளாசிகோ பாட்டிலை எடுத்தால் கோட்டை, மாளிகை, பழைய மடம் என்று ஏதாவது ஒரு கட்டடத்தின் பெயர்தான் அதிகம் கண்ணில் படும். இத்தாலியில் குடும்பமாக ஒயின் செய்பவர்களைப் பார்க்க வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாட்டை அந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் முதலில் இந்த இரண்டு லேபிள்களைத்தான் காட்டுவேன். மற்ற வித்தியாசங்களில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

லாங்கே என்பது வடமேற்கே பியமோந்தே மாநிலத்தில் ஆல்பா நகரைச் சுற்றியுள்ள குன்றுகள். தூரினிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பரோலோ, பார்பரெஸ்கோ இரண்டும் இங்கேதான். கியாந்தி கிளாசிகோ தொஸ்கானாவில், ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவில். கியாந்தி என்ற பெயரில் விற்பதெல்லாம் இது இல்லை. பாட்டிலில் கருஞ்சேவல் முத்திரை இருந்தால்தான் கிளாசிகோ.

லாங்கேயில் நிலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பாகப்பிரிவினை நடந்து, ஒரே குன்றின் சரிவை ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பங்கு போட்டு வைத்திருக்கின்றன. பரோலோ கிராமத்தின் புகழ்பெற்ற கன்னுபி குன்றே அப்படித்தான். இந்தச் சின்னச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் 1950களில் ஒயினே விற்கவில்லை. அறுவடை முடிந்ததும் திராட்சையை ஆல்பா சந்தைக்கு எடுத்துப் போவார்கள். வியாபாரி சொன்னதுதான் விலை. பறித்த பழத்தை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போக முடியாது என்பது வியாபாரிக்கும் தெரியும்.

இதை உடைக்க பார்பரெஸ்கோ கிராமத்துப் பாதிரியார் ஃபியோரீனோ மாரெங்கோ 1958-இல் 19 குடும்பங்களைச் சேர்த்து ஒரு கூட்டுறவு தொடங்கினார். முதல் சில ஆண்டுகள் மாதா கோயிலின் நிலவறையிலேயே ஒயின் செய்தார்கள். அந்தக் கூட்டுறவு இன்றும் இருக்கிறது. தரத்தில் தனியார் பெயர்களோடு சரிக்குச் சரி நிற்கிறது, விலை மட்டும் குறைவு. லாங்கேக்குப் போகிறவர் ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவார் என்றால் இவர்களுடையதை வாங்கச் சொல்வேன்.

அப்புறம் 1986. மலிவு ஒயினில் யாரோ மெத்தனால் கலந்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நம்ம ஊரில் இந்தச் செய்தியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கலப்படம் பியமோந்தே மண்ணிலேயே நடந்தது. அதற்குப் பிறகு யார் செய்தது என்று தெரியாத ஒயினை வாங்க ஆட்கள் யோசித்தார்கள். லேபிளில் ஓர் ஆளின் பெயர் இருப்பது வெறும் பெருமையாக இல்லாமல் ஒரு ஜாமீனாக ஆனது.

குடும்பத் தொழில் என்றால் குடும்பச் சண்டையும் உண்டு. 1980களில் எலியோ ஆல்தாரே என்ற இளைஞர், பிரான்ஸின் பர்கண்டி ஒயின் பகுதிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்துப் போட்டார். சின்னப் பிரெஞ்சு ஓக் பீப்பாய்தான் எதிர்காலம் என்பது அவர் கட்சி. அப்பா அவருக்குச் சொத்தில் பங்கு இல்லை என்று எழுதிவிட்டார். எதிர்க்கட்சிக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் பார்தோலோ மாஸ்கரெல்லோ. லேபிள்களைக் கையாலேயே வரைவார். அதில் ஒன்றில் "சின்னப் பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்" என்று எழுதினார் (பெர்லுஸ்கோனி இத்தாலியின் பிரதமராக இருந்த அரசியல்வாதி). 2005-இல் அவர் காலமான பிறகு மகள் மரியா தெரேசா அதே பெரிய பீப்பாய்களோடு நடத்துகிறார். இன்று இரு தரப்பும் நடுவழிக்கு வந்துவிட்டன. ஆனாலும் லாங்கேயில் எந்தக் கான்டினாவுக்குள் நுழைந்தாலும் (கான்டினா என்றால் ஒயின் செய்து வைக்கும் கூடம்) பீப்பாயின் அளவைப் பார்த்தாலே அந்த வீட்டின் அரசியல் பாதி புரியும்.

கியாந்தியில் கதை வேறு. அங்கே நிலம் பிரபுக்களுடையது. ரிக்காசோலி குடும்பம் 1141 முதல் ப்ரோலியோ கோட்டையில் இருக்கிறது. ஆந்தினோரி குடும்பம் 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கிறது. இவையும் குடும்பத் தொழில்கள்தான், சின்னது என்று மட்டும் சொல்ல முடியாது. நிலத்தில் உழைத்தவர்கள் வாரக்குடிகள். விளைச்சலில் பாதி முதலாளிக்கு, பாதி குடியானவனுக்கு. இந்த முறைக்கு மெத்ஸத்ரீயா என்று பெயர். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'பாதி' இருக்கிறது. 1964-இல் வந்த சட்டம் இனிமேல் புதிதாக வார ஒப்பந்தம் போடக் கூடாது என்றது. அதற்கு முன்பே இளைஞர்கள் ஃபுளோரன்ஸ், ப்ராத்தோ தொழிற்சாலைகளுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். குன்றுகளில் கல்வீடுகள் காலியாகக் கிடந்தன.

அந்த வீடுகளைத்தான் மிலான்காரர்களும் ரோமாபுரிக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் வாங்கினார்கள். இன்று கியாந்தியில் நீங்கள் பார்க்கும் சின்னக் குடும்ப ஒயின் கூடங்களில் பல, வெளியிலிருந்து வந்தவர்களின் முதல் தலைமுறையோ இரண்டாம் தலைமுறையோ நடத்துபவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பான்ஸானோ கிராமத்தைச் சுற்றிப் பெரும்பாலான தோட்டங்கள் இயற்கை முறைக்கு மாறியதில் இவர்களுடைய பங்கு பெரிது. ஆனால் "எங்க தாத்தா நட்ட கொடி இது" என்று சொல்லும் ஆளைத் தேடிப் போகிறீர்கள் என்றால், கியாந்தியைவிட லாங்கேயில் சீக்கிரம் கிடைப்பார்.

சாப்பாட்டிலும் நிலத்தின் கதைதான் தெரிகிறது. வாரக்குடிக்குக் கையில் இருந்தது ரொட்டி, பீன்ஸ், கருங்கீரை, ஆலிவ் எண்ணெய். தொஸ்கானா ரொட்டியில் உப்பே போடுவதில்லை. பீசாக்காரர்கள் உப்புக்கு வரி போட்டதால் வந்த பழக்கம் என்று ஒரு கதை உண்டு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நமக்கு முதல் கடியில் ஏமாற்றம்தான். ஆனால் அங்கே அந்த ரொட்டி குப்பைக்குப் போவதே இல்லை. காய்ந்துபோனதும் கீரை, பீன்ஸோடு சேர்த்து வேகவைத்து, மறுநாள் திரும்பவும் கொதிக்கவைத்தால் ரிபொல்லீத்தா. பெயரின் பொருளே 'திரும்பக் கொதித்தது'. தக்காளியோடு குழைத்தால் பாப்பா அல் பொமொதோரோ. கோடையில் நனைத்துப் பிழிந்து வெங்காயம், வெள்ளரி, தக்காளி சேர்த்தால் பான்ஸனெல்லா. ஒரு பழைய ரொட்டியை வைத்து இவ்வளவு செய்தவர்கள்தான், கையில் காசு வந்தபோது ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிஸ்தெக்கா மாட்டிறைச்சித் துண்டைக் கரி நெருப்பில் காட்டி, நடுவில் சிவப்பாகவே விட்டுப் பரிமாறவும் பழகினார்கள். பான்ஸானோவில் இத்தாலியக் கவி தாந்தேயின் வரிகளை ஒப்பித்தபடியே இறைச்சி வெட்டும் தாரியோ செக்கீனியின் கடை அதற்குப் பேர்போனது.

லாங்கே சமையல் வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும். தயாரின் என்ற மெல்லிய பாஸ்தாவுக்கு ஒரு கிலோ மாவுக்கு 30 மஞ்சள் கரு போடுவார்கள், 40 போடும் வீடுகளும் உண்டு. வறுத்து மிஞ்சிய இறைச்சியை அரைத்து, சின்னப் பாஸ்தாவுக்குள் வைத்துக் கிள்ளி மூடினால் அன்யொலோத்தி தெல் பிளின். 'பிளின்' என்றால் கிள்ளுவது. எனக்குப் பிடித்தது பான்யா காவுடா: பூண்டு, நெத்திலி, எண்ணெய் மூன்றையும் மெதுவாகச் சூடாக்கிக் காய்கறிகளை அதில் தோய்த்துச் சாப்பிடுவது. பியமோந்தேயில் கடலே கிடையாது. லிகூரியாக் கரையிலிருந்து உப்போடு சேர்ந்து மலை தாண்டி வந்த நெத்திலி அது. ஆல்பாவுக்குப் பக்கத்து ஊரான பிராவில்தான் கார்லோ பெத்ரீனி 1986-இல், உள்ளூர்ச் சாப்பாட்டைக் காக்கும் ஸ்லோ ஃபுட் இயக்கத்துக்கு வித்திட்டார். இந்தச் சாப்பாட்டை இரண்டு நாள் சாப்பிட்டால் ஏன் அங்கே என்று கேட்கத் தோன்றாது.

சைவக்காரர்கள் கவனிக்க: லாங்கே மெனுவில் உங்களுக்கு அதிகம் இல்லை. பான்யா காவுடாவில்கூட மீன். கியாந்தி பக்கம் பிழைத்துக்கொள்ளலாம். சியேனா பக்கத்துப் பீச்சி என்ற தடித்த பாஸ்தாவை வழக்கமாக மாவும் தண்ணீரும் வைத்தே பிசைகிறார்கள், முட்டை சேர்ப்பது குறைவு. பூண்டும் தக்காளியும் போட்ட சாஸோடு கேளுங்கள். ரிபொல்லீத்தாவில் பன்றிக்கொழுப்பு உண்டா என்று மட்டும் விசாரித்துவிடுங்கள்.

சரி, ஒயின். பரோலோவும் பார்பரெஸ்கோவும் நெபியோலோ என்ற ஒரே திராட்சை. பார்க்க வெளிறிய சிவப்பு, வாயில் வைத்தால் கடுக்காய் கடித்த மாதிரி ஒரு துவர்ப்பு. அதனால்தான் பரோலோவை 38 மாதம் கழித்துத்தான் விற்கலாம், அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும் என்று சட்டம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம் போதும். கியாந்தி கிளாசிகோவில் 80 சதவீதமாவது சாஞ்சோவேசே திராட்சை. புளிப்பு தூக்கல், துவர்ப்பு அளவாக. முதல் தடவை ஒயின் குடிப்பவருக்குக் கியாந்தி எளிது, விலையும் ஏறக்குறைய பாதி. லாங்கேக்காரர்களே தினமும் பரோலோ குடிப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கத்துச் சாதாரணச் சிவப்பு ஒயின்களான தொல்செத்தோவோ பார்பேராவோதான். கான்டினாவில் அதையும் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். பரோலோவை மட்டும் கேட்கும் விருந்தாளியைவிட உங்களை மதிப்பார்கள்.

சிசிலித் தீவின் எத்னா எரிமலையை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். வடக்குச் சரிவில் கருங்கல் சுவர்களுக்கு நடுவே நூறு வயதுக் கொடிகள், பக்கத்திலேயே ப்ரோந்தே பிஸ்தா. அற்புதமான இடம்தான். ஆனால் சிசிலிக்குப் போனால் மீதி சிசிலி உங்களை விடாது. ஒரு வாரத்துக்குள் அடங்குகிற ஊர் இல்லை.

இரண்டு இடத்திலும் சின்னக் கூடங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கதவைத் திறப்பவர்தான் காலையில் டிராக்டர் ஓட்டியவராக இருப்பார். பேருந்தை நம்பிச் சுற்ற லாங்கே சரிப்படாது. கியாந்தியில் ஃபுளோரன்ஸிலிருந்து க்ரேவே ஊருக்குப் பேருந்து உண்டு. கார் எடுத்தால் ஒருவர் குடிக்காமல் இருந்தாக வேண்டும்.

என் ஓட்டு லாங்கேக்கு, ஏப்ரல் மாதத்தில். அக்டோபர், நவம்பரில் அல்ல. வெள்ளை ட்ரஃபிள் காளானுக்காக உலகமே ஆல்பாவில் குவியும் நேரம் அது. அறை வாடகை ஏறும், தயாரின் மேல் சீவிப் போடும் காளானை மேஜையிலேயே கிராம் கணக்கில் நிறுத்துக் காசு வாங்குவார்கள். நவம்பரில்தான் விடுப்பு கிடைக்கிறது என்றால் தயங்காமல் கியாந்திக்குப் போய்விடுங்கள். ஆலிவ் பறித்துச் செக்கில் ஆட்டும் மாதம். சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, அன்றைக்கு ஆட்டிய பச்சை எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தருவார்கள், தொண்டையில் மிளகு மாதிரிக் கமறும். அதற்கு மட்டும், அந்த உப்பில்லாத ரொட்டியின் மேல் கொஞ்சம் உப்பைத் தூவுகிறார்கள்.