போரெகோவா, டெத் வேலியா? பாலையில் வசந்தகால நடையும் காட்டுப்பூக்களும்

கலிஃபோர்னியாவின் பாலை நிலத்தில் மலையிடுக்கு நடையையும் காட்டுப்பூக்களையும் ஒரே பயணத்தில் காண நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கிடையே தயங்குகிறார்கள். ஒன்று சான் டியேகோவுக்குக் கிழக்கே உள்ள ஆன்சா-போரெகோ மாநிலப் பூங்கா. மற்றது நெவாடா எல்லையை ஒட்டிய டெத் வேலி தேசியப் பூங்கா. நல்ல மழை பெய்த ஆண்டில் இரண்டிலும் தரையை மஞ்சளாக்குவது பாலைச் சூரியகாந்தி என்ற ஒரே செடிதான் என்பதால், எங்கே பூ அழகு என்று கேட்பதில் அதிகப் பயனில்லை. நடக்கும் பாதையிலேயே பூ இருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஆன்சா-போரெகோவில் உள்ள போரெகோ பாம் கேன்யன் என்ற மலையிடுக்கு தெளிவாகவே விடை தருகிறது. போய்வர ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உள்ள இப்பாதையில், பிரிட்டில்புஷ் புதர்களின் மஞ்சளும், தேன்சிட்டை ஒத்த ஹம்மிங்பறவைகள் நாடி வரும் சுப்பரோசாப் புதரின் சிவப்பும், நெடிய முட்கோல்களின் நுனியில் பூக்கும் ஒகோட்டியோவும் நடப்பவரின் கையெட்டும் தூரத்திலேயே நிற்கின்றன. பாதையின் முடிவில் இருப்பது, கலிஃபோர்னியாவின் ஒரே இயல்பினப் பனையான விசிறிப்பனையின் தோப்பு. நீரைத் தேடி இறங்கிவரும் பெருங்கொம்பு ஆடுகளையும் வழியில் காண வாய்ப்புண்டு. ஆனால் 2004ஆம் ஆண்டின் திடீர் வெள்ளம் பல மரங்களை அடித்துச் சென்றது, 2020இல் தீயும் தோப்பைத் தாக்கியது. ஆகவே பழைய படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்குச் சிறு ஏமாற்றம் ஏற்படலாம். ஊதா நிற மணல் வெர்பினாவும் வெண்ணிற அந்திமலர்களும் விரிந்து கிடக்கும் சமவெளியைக் காண, அதே நாளில் ஹெண்டர்சன் கேன்யன் சாலைக்குப் போய்விடலாம்.

டெத் வேலியில் இந்த வசதி கிடையாது. கோல்டன் கேன்யனின் பொன்னிறச் சுவர்கள் களிமண் பாறையால் ஆனவை; அங்கே செடிகள் வேர்கொள்வதே அரிது. ஒரு காலத்தில் அதனுள் போடப்பட்டிருந்த தார்ச்சாலையை 1976ஆம் ஆண்டின் வெள்ளம் அழித்துவிட்டது என்பதிலிருந்து அங்கே நீரின் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம். மொசைக் கேன்யனின் வழவழப்பான பளிங்குச் சுவர்களும் கல்லைக் காண வருபவருக்கே விருந்து. பூக்கள் பெரும்பாலும் வெள்ளம் அடித்துவந்த மண்ணும் கல்லும் விசிறிபோல் பரவிக் கிடக்கும் மலையடிவாரத்து வண்டல் விசிறிகளில், பேட்வாட்டர் சாலையோரமாகப் பூக்கின்றன. ஆன்சா-போரெகோவைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பரந்த பூங்கா இது என்பதால், நடைக்கு ஒரு நாள், பூக்களுக்கு ஒரு நாள் என ஒதுக்குவது நல்லது.

இரண்டுமே மழையை நம்பிய சூதாட்டம்தான், ஆனால் பணயம் ஒன்றல்ல. ஒருபருவச் செடிகளின் விதைகள், முளைப்பதைத் தடுக்கும் மேலுறையைக் கழுவும் அளவுக்கு மழை பெய்யும்வரை மண்ணுக்குள் காத்திருக்கும். அதன் பின்னும் குளிர்காலம் முழுவதும் இடைவிட்டுத் தூறல் வேண்டும், காய்ந்த காற்று வீசக் கூடாது. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவே மழை பெறும் டெத் வேலியின் தாழ்நிலத்தில் இவையெல்லாம் கூடிவருவது அபூர்வம். 1998, 2005, 2016 ஆகிய ஆண்டுகளின் பெரும்பூப்புகள் இன்றும் பேசப்படுவது அதனால்தான். மழை பொய்த்த ஆண்டிலும் போரெகோவில் புதர்ப்பூக்கள் சிலவும் பனைத்தோப்பும் மிஞ்சும். எனவே மாதக்கணக்கில் முன்னதாகவே விடுப்பும் விடுதியும் உறுதிசெய்ய வேண்டியவருக்குப் போரெகோவையே பரிந்துரைப்பேன். பூத்த செய்தி வந்தவுடன் கிளம்ப முடிந்தவர் மட்டும் டெத் வேலியின் தாழ்நிலப் பூக்களை நம்பலாம்.

ஏப்ரல் பாதிக்குப் பிறகே விடுப்பு கிடைக்கும் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். போரெகோவின் சமவெளி மலர்கள் பெரும்பாலும் மார்ச்சிலேயே உச்சம் தொட்டுவிடும். டெத் வேலியோ கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழிருந்து 3,368 மீட்டர் உயரமான டெலஸ்கோப் சிகரம்வரை எழுவதால், கீழே பூக்கள் கருகிய பின்னும் மே தொடக்கம்வரை 900 முதல் 1,500 மீட்டர் உயரத்திலும், அதன் பிறகு பனாமின்ட் மலைச்சரிவுகளிலும் பூப்பு தொடர்கிறது. அப்போது தாழ்நில மலையிடுக்குகளில் நடப்பதைக் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொண்டு, பகலில் மலையேறிவிடுவதே அறிவுடைமை.